பச்சைக் கல்லுக்குப் பழமை பூசுவோர்

சென்ற வாரம் ஆய்வாளர் குழு ஒன்றில் ஒரு பயிலரங்கச் சுற்றறிக்கை வலம் வந்தது. எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்குத் தேவையில்லை. இன்று இது, நாளை இன்னொன்று. இந்திய அறிவு மரபு குறித்த அந்த ஐந்து நாள் நிகழ்வில் ஓர் அமர்வு படிகங்களையும் சக்கரங்களையும் பற்றியது. மகாராட்டிரத்தில் கிடைக்கும் பச்சை அப்போபிலைட்டுக் கல்லை நம் முன்னோர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அனாகதச் சக்கரத்தைத் திறக்கப் பயன்படுத்தி வந்தனர் என்று அதன் விளக்கக் குறிப்பு அறிவிக்கிறது. கலந்துகொள்ளும் ஆய்வு மாணவர்களுக்கு மதிப்புப் புள்ளியும் உண்டு. குழுவில் சிலர் கைகூப்பும் குறி இட்டனர். சான்று எது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் கேட்கிறேன். பதிவு நீளமானது, பொறுமையுள்ளோர் படிக்கட்டும்.

அந்தக் குறிப்பில் உண்மை எனக் கொள்ளத்தக்கது ஒன்றே: அக்கல் மகாராட்டிரத்தில் கிடைக்கிறது. மீதியெல்லாம் பொய், அதிலும் ஐம்பது வயதைக்கூடச் சரியாகத் தாண்டாத பொய்.

முதலில் கல்லைப் பார்ப்போம். பொட்டாசியம், கால்சியம், சிலிக்கா, புளோரின் ஆகியவற்றோடு நீரும் சேர்ந்து உருவான கனிமம் அப்போபிலைட்டு. அதன் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு நீர். சூடேற்றினால் அந்நீர் வெளியேறும்போது கல் ஏடு ஏடாக உரிந்து உதிரும். இதைக் கண்டே பிரெஞ்சுக் கனிமவியலாளர் ரெனே ஜுஸ்ட் ஆயுய் 1806இல், இலையாக உரிவது என்னும் பொருள்படக் கிரேக்கச் சொற்களால் இப்பெயரை ஆக்கினார். அதற்கு ஆறாண்டுகளுக்கு முன், சுவீடனின் ஊட்டோ தீவில் கிடைத்த மாதிரிக்கு மீன்கண் கல் எனப் பொருள்படும் பெயரொன்றை ஜோசே போனிபாசியோ டி ஆந்திராடா இட்டிருந்தார். இந்த ஆந்திராடாதான் பின்னாளில் பிரேசில் விடுதலையின் தந்தை எனப் போற்றப்பட்டவர். கல்லின் முத்தொளி மீன் கண்ணை நினைவூட்டியதால் வந்த பெயர் அது. மீன் விற்கும் தெருவைக் கடந்தவர் எவருக்கும் அந்த உவமை புரியும். 1978இல் அப்போபிலைட்டு ஒன்றன்று, ஒரு கனிமக் குடும்பம் என்று வகைப்படுத்தினர். புனே வட்டாரத்தில் கிடைப்பது பெரும்பாலும் புளோரப்போபிலைட்டு.

ஆக, கல்லுக்குப் பெயர் கிடைத்த கதையில் ஒரு பிரெஞ்சுக்காரர், ஒரு பிரேசில்காரர், ஒரு சுவீடன் தீவு. இந்தியப் பெயர் எங்கே? சமற்கிருதத்தில், பிராகிருதத்தில், மராத்தியில், தமிழில் அப்போபிலைட்டைக் குறிக்கும் மரபுச் சொல் ஒன்றைக் காட்டுமாறு அமைப்பாளர்களை வேண்டுகிறேன். மராத்தியில் கார்கோட்டி என்ற சொல் உண்டு. நாசிக் அருகே சின்னரில் உள்ள கனிம அருங்காட்சியகம் அச்சொல்லையே தன் பெயராகக் கொண்டிருக்கிறது. ஆனால் அது வெண்கல்லுக்கும் கூழாங்கல்லுக்கும் வழங்கும் பொதுச்சொல். ஆயிரம் ஆண்டு வழிபட்ட பொருளுக்குப் பெயர் வைக்க மறந்த மரபு எது?

இனிப் பச்சைக்கு வருவோம். அப்போபிலைட்டு பெரும்பாலும் நிறமற்றது, அல்லது வெண்மையானது. சில பொந்துகளில் மட்டும் அது பச்சையாக விளைகிறது. பூனாவிலிருந்து வந்த பச்சைப் படிகம் ஒன்று ஒளியை உறிஞ்சும் முறையை ஆராய்ந்து, அந்நிறத்துக்குக் காரணம் வனேடியம் என்று ஜார்ஜ் ராஸ்மன் 1974இல் நிறுவினார். இரண்டே பக்கக் கட்டுரை. அதே 1974இல் சுகேசுவாலா, அவாசியா, கங்கோபாத்யாய் ஆகிய மூவர் மேற்கு இந்தியாவின் தக்காண எரிமலைப் பாறைகளில் சியோலைட்டுகளும் அவற்றின் துணைக் கனிமங்களும் பரவிக் கிடக்கும் முறையை மண்டலங்களாக வகுத்து எழுதினர். மலைச்சரிவிலும் குவாரியிலும் நடந்து நடந்து எழுதப்பட்ட ஆய்வு அது. இந்திய அறிவு என்று மார்தட்ட விரும்புவோர் அந்தக் கட்டுரையை ஒரு முறையேனும் புரட்டியிருக்கலாம். சுற்றறிக்கையில் அதற்கு இடமில்லை.

அனாகதத்துக்குப் பச்சை நிறம் கொடுத்தது யார்? சக்கரங்களைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் கடைசியில் கைகாட்டும் நூல் பூரணானந்தரின் சட்சக்கர நிரூபணம்; வங்கத்தில் 1577இல் எழுதப்பட்டது. ஜான் உட்ராப் அதை ஆங்கிலத்தில் 1919இல் வெளியிட்ட பிறகே மேலைநாட்டார் சக்கரம் என்ற சொல்லைப் பரவலாகக் கற்றனர். அந்நூலில் இதயத் தாமரை பன்னிரண்டு இதழ் கொண்டது. அதன் நிறம் பந்தூக மலரின் சிவப்பு. உள்ளே காற்றுக்குரிய அறுகோணம் புகைநிறம். பச்சை அங்கே இல்லை. எட்டு ஆண்டுகள் கழித்து, 1927இல், பிரம்மஞான சபையின் லெட்பீட்டர் சக்கரங்களைப் பற்றித் தம் நூலை வெளியிட்டார். நம் சென்னை அடையாற்றோடு நெருங்கிய தொடர்புடைய மனிதர். ஞானக்கண்ணால் கண்டதாகச் சொல்லி எழுதியவர். அவர் கண்டபோதும் இதயச் சக்கரம் பச்சையாக இல்லை, பொன்னிறமாக இருந்தது.

பச்சை வந்தது 1970களில், கலிபோர்னியாவில். ஆங்கிலேயராகப் பிறந்து அங்கே குடியேறிய கிறிஸ்டோபர் ஹில்ஸ் என்பவரின் நூல் வழியாக, ஏழு சக்கரங்களுக்கும் வானவில்லின் ஏழு நிறங்களை வரிசையாக ஒட்டும் முறை பரவியது. கீழிருந்து எண்ணினால் ஏழில் நான்காவது இதயம். சிவப்பிலிருந்து எண்ணினால் ஏழில் நான்காவது பச்சை. கணக்கு அவ்வளவே. வானவில்லுக்கு ஏழு நிறம் என்பதையும் மறைநூல் எதுவும் விதிக்கவில்லை. நியூட்டன் தம் ஒளியியல் நூலில், இசையின் ஏழு சுரங்களோடு ஒப்பிட்டு, நிறமாலையை ஏழாகப் பகுத்தார். ஆகவே அனாகதம் பச்சை என்று நம்புகிறவர் ஏதேனும் ஒரு முனிவரை வணங்கியே தீரவேண்டுமெனில், கேம்பிரிட்ஜ் நகரத்து நியூட்டனை வணங்குவதே முறை.

அதன்பிறகு வேலை எளிது. 1980களிலிருந்து படிக நலமளிப்பு நூல்கள் பெருகின. பச்சையாக இருக்கும் கல் எல்லாம் இதயத்துக்கு. ஊதாவாக இருப்பதெல்லாம் உச்சிக்கு. அப்போபிலைட்டுக்கு இன்னொரு சிறப்பும் சேர்ந்தது. நாற்கோணப் படிக அமைப்புக் கொண்டதால் அதன் நுனி நான்கு சரிவுகளாகக் கூம்பி முடியும். பிரமிடு கிடைத்துவிட்டது, எகிப்தும் கணக்கில் சேர்ந்தது. நுனிகள் தனியாக விலைபோவதால் பாறையோடு ஒட்டிய கொத்துகளிலிருந்து அவற்றை முறித்தெடுத்து விற்கிறார்கள். எந்தக் கனிமத்தோடு, எந்த வரிசையில், எந்தப் பொந்தில் அது வளர்ந்தது என்ற செய்தி அந்த முறிவோடு போயிற்று. சிற்பத்தின் மூக்கை மட்டும் பெயர்த்து விற்பவனை நாம் சும்மா விடுவோமா?

சரி, நம் பழைய இரத்தின நூல்கள் என்ன சொல்கின்றன? வராகமிகிரரின் பிருகத் சம்கிதையில் வைரம், முத்து, மாணிக்கம், மரகதம் ஆகியவற்றுக்கு இயல்கள் உள்ளன. புத்தபட்டரின் இரத்தினப் பரீட்சை உள்ளது. எனக்கு மிகவும் பிடித்தவர் தக்குர பேரு. அலாவுதீன் கில்சியின் அரசில் பணியாற்றிய சமணர். 1315இல் மணிகளைப் பற்றி நூல் செய்தவர். முன்னோர் நூல்களைக் கற்றதோடு சுல்தானின் கருவூலத்தில் தாம் நேரில் கண்ட கற்களையும் சேர்த்து எழுதினார். எடைக்கேற்ற விலையைக்கூடக் குறித்தார். மந்திரமும் பலனும் அவரிடமும் உண்டு. ஆனால் கல்லைக் கையில் வாங்கிப் பார்த்த மனிதரின் எழுத்து அது. அந்த மரபில் பச்சை என்றால் மரகதம். அப்போபிலைட்டுக்கு அங்கே இடமில்லாததற்குக் காரணமும் தெளிவு. அதன் கடினம் மோவின் அளவில் ஐந்தைத் தாண்டாது. மரகதம் ஏழரைக்கு மேல். ஒரு திசையில் தட்டினால் ஏடாகப் பிளந்துவிடும். மோதிரத்தில் பதித்தால் ஒரு வருடம் தாங்காது. பொற்கொல்லர் தள்ளிவிட்ட கல்லை நூலாசிரியர் எதற்கு எழுதுவார்?

நூலில் இல்லையென்றால் வழக்கிலும் இல்லை என்று ஆகுமா என்று ஒரு நண்பர் கேட்டார். ஞாயமான கேள்வி. தக்காணத்தின் குடைவரைகள் எல்லாம் இதே எரிமலைப் பாறையில் வெட்டப்பட்டவை. பாஜாவிலும் கார்லாவிலும் அசந்தாவிலும் உளி பிடித்தவர்கள் படிகம் நிறைந்த பொந்துகளைக் கண்டிருப்பார்கள் என்று கருதவே தோன்றுகிறது. கண்டு வியந்துமிருக்கலாம். ஆனால் அந்தப் பாறையிலிருந்து அவர்கள் எடுத்துப் பயன்படுத்திய பச்சை எது என்பதற்குச் சுவரிலேயே சான்று இருக்கிறது. அசந்தா ஓவியங்களின் பச்சை, பச்சை மண் எனப்படும் நிறமி. செலடோனைட்டு போன்ற இரும்புச் சத்துள்ள கனிமங்களால் ஆனது. எரிமலைக் குழம்பில் சிக்கிய வளிக்குமிழிகள் விட்டுச்சென்ற பொந்துகளின் உட்சுவரில் மெல்லிய பச்சைப் பூச்சாகப் படிந்திருப்பது செலடோனைட்டு. அதன் மேல்தான் பிற்பாடு சியோலைட்டுகளும் அப்போபிலைட்டும் வளர்கின்றன. அதாவது, சேகரிப்பாளர் இன்று மினுமினுக்கும் படிகத்தைப் பார்த்து மயங்கும் அதே பொந்தின் மங்கலான தோலைச் சுரண்டி, அரைத்து, பசையில் குழைத்து இலையும் கொடியும் ஆடையும் தீட்டினார்கள். நீலத்துக்கு ஆப்கானிய மலையிலிருந்து வைடூரிய நீலக்கல் வரவேண்டியிருந்தது. பச்சைக்குத் தம் காலடிப் பாறையே போதும் என்று அறிந்திருந்தார்கள். பண்டைய இந்தியரின் கனிம அறிவுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா? ஆனால் அது அழுக்குப் பச்சை. கழுத்தில் தொங்கவிட முடியாது. பயிலரங்குக்கு அது உதவாது.

என் சினத்துக்கு உண்மையான காரணம் இனிமேல்தான் வருகிறது. பொய்யான பழமையை ஏற்றும்போது மெய்யான வரலாறு ஒன்று வெளியே தள்ளப்படுகிறது. அந்த வரலாறு நூற்றைம்பது ஆண்டுக்குச் சற்றே மேற்பட்டது. அதில் மனிதர்கள் இருக்கிறார்கள்.

மும்பையிலிருந்து புனேக்குச் செல்லும் இருப்புப் பாதை போர்க் கணவாயில் ஏறுகிறது. 1856இல் தொடங்கி 1863இல் முடிந்த வேலை. இருபத்தைந்து சுரங்க வழிகள், எட்டுப் பெரும் பாலங்கள். உச்சக் கட்டத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் அச்சரிவில் இருந்தனர். காலராவிலும் காய்ச்சலிலும் வெடிவிபத்திலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 1859இல் கூலி கிடைக்காத தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தனர். மகாராட்டிரத்தில் வடார் என்றும் நம் பக்கத்தில் ஒட்டர், போயர் என்றும் வழங்கும் கல்லுடைக்கும் குடிகள் அக்காலத்து இருப்புப்பாதை வேலைகளில் பெருந்தொகையாக இருந்தார்கள். தக்காணத்துப் பாறை அவ்வளவு ஆழத்துக்கு வெடிவைத்துப் பிளக்கப்பட்டபோது பொந்துகள் திறந்தன; பெரும் படிகங்கள் வெளிவந்தன. அவற்றுள் நல்லவை ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்குக் கப்பலேறின. கூடவே போன சீட்டில் பூனா என்ற ஊர்ப்பெயர் உண்டு. ஒப்பந்தக்காரர் சாலமன் டிரெட்வெல் வந்த சில வாரங்களிலேயே இறக்க, அவர் மனைவி ஆலிஸ் ஒப்பந்தத்தை ஏற்று நடத்திய கதையை இரயில் வரலாற்று நூல்கள் விரிவாகச் சொல்லும். பொந்தைத் திறந்த கைக்குப் பெயர் இல்லை.

பிறகு குவாரிகள் வந்தன. புனே நகரம் வளர வளர அதன் வீடுகளுக்கும் சாலைகளுக்கும் கருங்கல் தேவைப்பட்டது. பச்சை அப்போபிலைட்டுக்கு உலகப் புகழ் தேடித்தந்த பாஷாண் குன்றுகள் அப்படித் தோண்டப்பட்டவை. (வடமொழியில் பாஷாணம் என்றால் கல். தமிழில் அச்சொல் நஞ்சாகிவிட்டது. சித்த மருத்துவத்தின் கனிம நஞ்சுகள் வழியாக நடந்த பொருள் மாற்றம். கல்லின் பெயரால் விற்கப்படும் சரக்கைப் பார்த்தால் தமிழ் வழக்கே பொருத்தம் என்று தோன்றும்.) அந்தக் குன்றுகளையே இன்று நகரம் விழுங்கிவிட்டது. வாகோலியில் நீலக் கவன்சைட்டு கிடைத்ததும் ஜல்லிக்காகத் தோண்டிய குவாரியில்தான்.

கிணறுகளையும் சொல்லவேண்டும். முன்பு அகமதுநகர் எனப்பட்ட அகில்யாநகர் மாவட்டம் மழை பொய்க்கும் நிலம். இம்மாவட்டத்தில் ராகுரிக்கு அருகே மோமின் அகாடா என்னும் ஊரில், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், கிணறு வெட்டும்போது ஒரு பொந்து திறந்தது. உருண்டை உருண்டையாகப் பச்சை அப்போபிலைட்டுக் கொத்துகள். ஒவ்வொரு முகமும் ஒளி தெறித்ததால் வணிகர்கள் அவற்றுக்கு டிஸ்கோ உருண்டை என்று பெயர் வைத்தனர். உலகின் பெரிய கனிமச் சந்தைகளில் அவை இன்றும் பேசப்படுகின்றன. தண்ணீருக்காகத் தோண்டியவனுக்கு, ஆறில் ஒரு பங்கு நீராலேயே ஆன கல் கிடைத்தது. இந்தக் கல்லுக்குக் குறியீட்டுப் பொருள் ஒன்று வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் அந்தக் கிணற்றின் விளிம்பில் போய் நின்று யோசிக்கலாம். எதற்காக அனாகதம் வரை போகிறீர்கள்?

குறியீடுகள் எல்லாமே மனிதர் ஆக்கியவைதாமே, புதிதாக ஒன்றை ஆக்கினால் என்ன தவறு என்று சிலர் கேட்பார்கள். தவறே இல்லை. பச்சைக் கல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டால் மனம் அமைதியுறுகிறது என்பவரோடு எனக்குச் சண்டையில்லை. எனக்கு மழைச்சத்தம் கேட்டால் அப்படி ஆகிறது. 1977இல் பிறந்த ஒன்றுக்கு வேதகாலப் பிறப்புச் சான்றிதழ் எழுதிக் கொடுப்பதும், அதில் பல்கலைக்கழக முத்திரையைக் குத்துவதும், அந்தச் சான்றிதழைக் காட்டி மாணவனுக்குப் புள்ளி வழங்குவதும்தான் குற்றம். ஓர் ஓலைச்சுவடியின் காலத்தைத் திருத்தி எழுதியவனை நம் துறை மன்னிக்குமா? கல்லுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

காலனிய மனநிலை என்ற வசையும் வரும். அதை ஏற்கத் தயாராக இருக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. கலிபோர்னியாவில் செய்து, இங்கே ஏற்றுமதியாகி வந்த சக்கர வண்ணத்தை நம் முன்னோர் சொத்து என்று வாங்கிக்கொண்டவர் யார், பூரணானந்தர் எழுதிய சிவப்பைக் காப்பாற்றச் சொல்பவர் யார் என்பதை முதலில் தீர்த்துக்கொள்வோம்.

நம் பக்கத்துக் குறைக்கும் வருகிறேன். பயிலரங்கக்காரர்களை மட்டும் திட்டிவிட்டு ஓடுவது எளிது. கட்டடக் கல் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சிறுகனிமம். அதற்கான விதிகளை மாநில அரசு வகுக்கிறது. மகாராட்டிரத்தில் கல்லை பிராஸ் என்னும் அளவால், அதாவது நூறு கன அடியால் கணக்கிடுவர். ஒரு பிராஸ் ஜல்லிக்குள் நொறுங்கிப்போன பொந்து எத்தனை என்று எந்தப் பதிவேடும் சொல்லாது. நொறுங்காமல் தப்பியவற்றைக் காப்பாற்றியவர்கள் பல்கலைக்கழகத்தார் அல்லர். குவாரித் தொழிலாளரும் சிறு வணிகருமே. அவர்களிடமிருந்து வாங்கிய வணிகர் எழுதிய சீட்டுதான் பல மாதிரிகளுக்கு ஒரே ஆவணம். அவரோ தம் வழியைப் போட்டியாளர் அறியக்கூடாது என்பதற்காக ஊரை மாற்றி எழுதுவார். சல்காவ் என்றும் நாசிக் என்றும் பொத்தாம்பொதுவாக எழுதப்பட்ட சீட்டுகளை நம்பி நாம் ஆய்வுக் கட்டுரைகளில் அட்டவணை போடுகிறோம்.

2022 டிசம்பரில் சுரங்க அமைச்சகம் புவிமரபுத் தலங்களையும் எச்சங்களையும் காப்பதற்கான சட்ட வரைவொன்றைக் கருத்துக்கேட்புக்கு வைத்தது. கனிமங்களும் அதன் வரையறைக்குள் வந்தன. அதிகாரம் முழுவதையும் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்திடமே குவிக்கிறது என்று ஆய்வாளர் பலர் எதிர்த்தனர். அந்த எதிர்ப்பில் ஞாயம் இருந்தது. ஆனால் எதிர்த்துவிட்டு நாம் என்ன செய்தோம்? குவாரி மூடப்படும் முன் ஒருநாள் போய்ப் பொந்துகளைப் படமெடுத்து, அளந்து, வரிசை குறித்து வைக்க எந்தச் சட்டமும் தடையில்லை. அந்த ஒருநாளை நாம் கொடுக்காத இடத்தில்தான் சக்கரக்காரர்கள் ஐந்து நாள் பயிலரங்கு நடத்துகிறார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் கல்லூரிப் புவியியல் துறையின் கண்ணாடிப் பேழையில் பூனா என்று மட்டும் எழுதிய அப்போபிலைட்டோ வேறு தக்காணக் கனிமமோ இருந்தால், அலுவலக அலமாரியில் உள்ள வரவுப் பதிவேட்டைத் தேடி எடுங்கள். வந்த ஆண்டு, கொடுத்தவர், குவாரி, கிணறு, இரயில் வெட்டு என எது எழுதியிருந்தாலும் படமெடுங்கள். சீட்டின் பின்பக்கத்தையும் எடுங்கள். பழைய பேராசிரியர்கள் பென்சிலில் எழுதிவைப்பது அங்கேதான். அந்தத் துறையில் நாற்பதாண்டு பணிசெய்து ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர் எவரேனும் ஊரில் இருந்தால், அவரிடமும் ஒரு மணிநேரம் உட்காருங்கள். கிடைத்ததை எனக்கு அனுப்புங்கள். யார் அனுப்பினார் என்ற பெயரோடு பொதுப் பட்டியலாக வெளியிடுகிறேன்.